அம்மி கொத்த ஆளில்லை

பட்டணத்துல இருக்கிற தங்கச்சி மக, "மாமா, அம்மி வாங்கவா, சின்ன இடிஉரல் போதுமா?"ன்னு கேட்டா.

மிளகு, சீரகம், கல்லுப்பு பொடிக்க மட்டும்னா இடிஉரலே போதும். மிளகாய் மையா அரையணும்னா அம்மிதான். கூட ரெண்டு கல்லு உப்பு போட்டா தோலு சீக்கிரம் மசியும். அது எங்க அம்மா கைப்பழக்கம்.

ஆனா அம்மியை வாங்கினதோட வேலை முடியாது. கருங்கல்லும் அரைக்க அரைக்க வழுவழுன்னு ஆயிடும், மிளகாய் வழுக்கிட்டு ஓடும். அப்போ உளியால கொத்தணும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ"ன்னு தெருவுல குரல் கேட்டா, அம்மா வாசலுக்கு ஓடுவாங்க. கொத்தின கல்லுல தவிடு போட்டு அரைச்சு, கல்தூள் போறவரைக்கும் கழுவணும்.

1960-கள்லயே சத்யபிரகாஷ் மாத்தூர் நம்ம சமையலுக்குத் தாங்குற சுமீத் மிக்சியைக் கொண்டுவந்துட்டார். எங்க ஊர்ல அது வசதியான ஒண்ணு ரெண்டு வீட்டோட நின்னுச்சு. 2011-ல அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் கூலி வேலைக்குப் போற வீட்டுப் பொண்ணுங்களுக்கும் தோள்வலி கொறைஞ்சது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அம்மி கொத்துறவர் வரவு நின்னுபோச்சு.

எங்க அம்மி இப்போ மாட்டுக்கொட்டாய் ஓரம் கெடக்கு. போன வாரம் நானே உளி எடுத்துப் பார்த்தேன். ஓரத்துல ஒரு சில்லு பேர்ந்துருச்சு.