சேது வழியும் ஒரு சுமைதாங்கியும்

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, "நான் ரோடு போடுகிறவன் சார், எனக்கு என்ன எழுத வரும்?" என்றேன். "அப்போ ரோட்டைப் பற்றியே எழுதுங்களேன்" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்கள் மீமிசல் வழியாகப் போகும் பாதையின் பழங்கதையைச் சொல்கிறேன்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று பஸ்ஸில் பறக்கிறோம். அக்காலத்தில் இராமேஸ்வரம் யாத்ரீகர்கள் இந்தக் கரையோரமாகத்தான் நடந்தார்கள். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களும் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்தச் சேது வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தைப் பலரும் அறிவீர்கள். 1799-இல் இராஜ்யத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்த இரண்டாம் சரபோஜி, 1801-இல் ரெசிடெண்ட் டாரினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களின் தர்மம் நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நாடு போனாலும் வழிப்போக்கன் சோறு போகக் கூடாது என்ற மனசு!

சத்திரம் கட்ட ராஜா இருந்தார். சத்திரத்துக்கும் சத்திரத்துக்கும் நடுவில் கிடந்த வெயில் வழிக்கு? அங்கே ஊர் ஜனங்களின் கைதான் அதிகம். நிழலுக்கு மரம் வைத்தார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். சுமைதாங்கி நட்டார்கள். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தால் சுமைதாங்கி. உயரம்தான் அதன் சூட்சுமம். தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமல் தானே இறக்கலாம், தானே ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். அவள் இறக்க முடியாத சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்பது நம்பிக்கை.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. நடந்து போகிற கூட்டம் குறைந்தது. கல் மட்டும் நின்றது.

இப்போது என் கதை. படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்த புதிது. வேறொரு மாவட்டத்தில் சாலை அகலப்படுத்தும் பணி. ஓரத்தில் ஒரு சுமைதாங்கி. டிராயிங்கில் அது இல்லை, எடுத்துவிடச் சொன்னேன். தூக்கும்போது மேல்கல் இரண்டாக உடைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா, "யாரு பெத்த பொண்ணுக்கு வச்ச கல்லோ தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் என்றொரு நடைபாதை உண்டு. பென்டன் மெக்காய் என்பவர் 1921-இல் யோசனை சொல்ல, 1937-இல் முழுப் பாதையும் இணைந்தது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். அதைப் பெரும்பாலும் தொண்டர்களே பராமரிக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் மண்வெட்டியோடு வருகிறார்களாம். அவர்களுடைய முதல் பாடம், பாதையைக் கெடுப்பது கால் அல்ல, தண்ணீர் என்பது. மழைநீர் பாதையில் ஓடாமல் குறுக்கே வடிந்து போகும்படி சரிவு கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1969-இல் நாடு முழுவதும் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் நானும் நம் கல்லூரி முகாமுக்குப் போனவன். பத்து நாள் மண் சுமந்து ஒரு பாதை போட்டோம். வடிகால் வெட்டவில்லை. ஐப்பசி மழையில் எங்கள் பாதை அப்படியே குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது! மறுவருஷம் யாரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. போடுவது ஒரு நாள் உற்சாகம், பார்த்துக்கொள்வதுதான் தொண்டு.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வருஷ முகாமில் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். பக்கத்து ஊர்களில் எத்தனை சுமைதாங்கி மிச்சமிருக்கிறது என்று எண்ணுங்கள். உயரம் அளங்கள், எழுத்து இருந்தால் படியெடுங்கள், முள்ளை வெட்டுங்கள். சாய்ந்த கல்லை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு நிமிர்த்துங்கள். பட்டியலின் ஒரு பிரதியைச் சாலைப் பொறியாளர் கையில் கொடுங்கள். என்னைப் போல டிராயிங்கை மட்டும் பார்க்கிறவன் எங்கும் இருப்பான்.

தகவல் சொல்லுங்கள், நானும் வருகிறேன். கடப்பாரை என் பொறுப்பு.