மத்திய சாலை நிதி

மத்திய சாலை நிதி: பெட்ரோல், டீசல் மீது ஒன்றிய அரசு விதிக்கும் வரியில் ஒரு பகுதியைச் சாலைப் பணிக்கென்று தனியே ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. 1929-இல் தொடங்கியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் வெறும் தீர்மானத்தின் பலத்தில் நடந்து, 2000-இல் சட்டமானது. 2018 முதல் மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி என்று வழங்கப்படுகிறது.

பின்னணி: இந்தியாவில் மோட்டார் ஸ்பிரிட் (பெட்ரோல்) மீதான கலால் தீர்வை முதல் உலகப் போரின்போது, 1917-இல் வந்தது. காலனுக்கு 6 அணா. 1925-இல் அது 4 அணாவாகக் குறைந்தது. பணம் பொது வருவாயில் சேர்ந்ததே தவிர, சாலைக்கு என்று எதுவும் பிரிக்கப்படவில்லை. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சாலைகளை மாகாணங்களின் பொறுப்பில் விட்டிருந்தது. மாகாணங்களோ பெரும்பாலான சாலைகளை ஜில்லா போர்டுகளின் தலையில் வைத்திருந்தன. பெட்ரோல் வரி தில்லிக்கு, சாலைச் செலவு ஜில்லா போர்டுக்கு என்ற இந்தப் பிரிவினையிலிருந்துதான் பின்னால் வந்த வழக்குகள் அனைத்தும் கிளைத்தன எனலாம்.

ஜெயகர் குழு: 1927 நவம்பரில் இந்தியச் சாலை வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பம்பாய் வழக்கறிஞரும் மத்திய சட்டசபை உறுப்பினருமான முகுந்த் ராம்ராவ் ஜெயகர். 1928-இல் வந்த அறிக்கை, சாலை வளர்ச்சி உள்ளாட்சிகளின் சக்திக்கு மீறிப் போய்விட்டது, அது தேசம் முழுவதற்குமான காரியம் என்று கூறியது. அதற்கான பணத்தை மோட்டார் போக்குவரத்திடமிருந்தே பெறலாம் என்பது குழுவின் முடிவு. பிரிட்டனில் 1909-இலேயே இப்படியொரு சாலை நிதி ஏற்பட்டிருந்தது. குழு கூடிய அதே ஆண்டுகளில் அங்கே நிதியமைச்சர் சர்ச்சில் அந்த நிதியிலிருந்து பொதுச் செலவுக்குப் பணம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே குறிக்கலாம்.

1929 பட்ஜெட்டில் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷுஸ்டர் தீர்வையை 4 அணாவிலிருந்து 6 அணாவாக உயர்த்தினார். கூடுதல் 2 அணா சாலைக் கணக்குக்குப் போனது. அதில் பத்தில் ஒரு பங்கை மைய அரசு கையிருப்பாக நிறுத்திக்கொண்டது. மீதி, எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவானதோ அந்த விகிதத்தில் பங்கிடப்பட்டது. அன்று பர்மாவும் இந்தியாவோடு இருந்ததால், பர்மா கிணறுகளின் எண்ணெயும் அஸ்ஸாமில் திக்பாய் எண்ணெயும் கலால் கணக்கிலும், கப்பலில் வந்தது சுங்கக் கணக்கிலும் வரி செலுத்தின. இந்த ஏற்பாட்டில் எளிதில் கண்ணில் படாத நல்ல அம்சம் ஒன்று உண்டு. செலவாகாத பணம் மார்ச் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிக் கஜானாவுக்குத் திரும்பாது, அடுத்த ஆண்டுக்குத் தொடரும். மழைக்குமுன் ஜல்லி பரப்ப முடியாமல் போன ஒரு பொறியாளருக்கு இந்த விதியின் அருமை தெரிந்திருக்கும்.

பங்கீட்டு முறை நியாயமானதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கார்கள் மிகுந்த பகுதிக்கு அதிகப் பணம், கார் இல்லாத பகுதிக்குச் சொற்பம். வரி கட்டியவருக்கே பலன் என்பது ஒரு கட்சி. சாலை இல்லாததால்தானே அங்கே கார் வரவில்லை என்பது மறுகட்சி. இவற்றுக்கு நடுவே மாட்டு வண்டி இருந்தது. அதன் சக்கரத்தின் இரும்புப் பட்டை கப்பிச் சாலையை உழுதுவிடும் என்று பொறியாளர்கள் ஓயாமல் முறையிட்டனர். ஆனால் வண்டிமாடு பெட்ரோல் குடிப்பதில்லை.

ரயில்வே தன் பங்குக்குக் கவலைப்பட்டது. பேருந்துப் போட்டியை ஆராய்ந்த மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கையும் 1933-இல் சிம்லாவில் நடந்த சாலை–ரயில் மாநாடும் அந்தக் கவலையின் விளைவுகள். ஜெயகர் குழு பரிந்துரைத்த பொறியாளர் அமைப்பு, இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பெயரில் 1934 டிசம்பரில் உருவானது. சாலை ஆராய்ச்சி நிலையம் தில்லியில் எழ 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணம்: இதே காலத்தில் சென்னை மாகாணம் 1931-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டத்தால் சாலையில் மறித்துச் சுங்கம் வாங்கும் முறையைக் கைவிட்டு, வாகன வரிக்கு மாறியது. வருமானம் இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈடு தரப்பட்டது. திருச்சிக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் நம்பர் 1 டோல்கேட்டும், வடசென்னையில் டோல்கேட் நிறுத்தமும் பெயரளவில் இன்றும் இருக்கின்றன. பின்னது இப்போது மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

1943–1997: 1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் வகுத்த திட்டத்தின் வழியே தேசிய நெடுஞ்சாலை என்ற பிரிவு பிறந்தது. 1947 ஏப்ரல் முதல் அவற்றின் செலவு மைய அரசைச் சேர்ந்தது. நிதியோ நின்ற இடத்தில் நின்றது. இதற்கிடையே காலனுக்கு ஏறக்குறைய இரண்டரை அணாவாகியிருந்த ஒதுக்கீடு, தசம நாணயமும் லிட்டரும் வந்தபின் லிட்டருக்கு 3.5 காசு ஆனது. கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றே. பெட்ரோல் விலை எவ்வளவு ஏறியும் இந்தக் காசு ஏறவில்லை. விலையில் 5 விழுக்காடு ஒதுக்கலாம் என்று 1988 மே மாதம் நாடாளுமன்றம் தீர்மானித்தது. தீர்மானம் பதிவேட்டில் இருந்தது, பணம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை.

சட்டமும் பின்னரும்: 1998-இல் பெட்ரோல் லிட்டருக்கு 1 ரூபாயும், 1999-இல் டீசலுக்கு 1 ரூபாயும் கூடுதல் தீர்வை (செஸ்) விதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம் பங்கீட்டை எழுத்தில் வைத்தது. டீசல் வரவில் பாதி கிராமச் சாலைகளுக்கு. பெட்ரோல், டீசல் இரண்டிலும் எஞ்சியதில் 57.5 விழுக்காடு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு, 30 விழுக்காடு மாநிலச் சாலைகளுக்கு, 12.5 விழுக்காடு ரயில்வே மேம்பாலம், சுரங்கப்பாதைகளுக்கு. சென்னையை ஒரு முனையாகக் கொண்ட தங்க நாற்கரச் சாலைக்கும் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்துக்கும் இந்தப் பணம் உதவியது. நாற்கரச் சாலையில் சுங்கச்சாவடிகளும் வந்ததால், பெட்ரோலிலும் செஸ், சாவடியிலும் கட்டணமா என்ற கேள்வி எழுந்தது. செஸ் மட்டும் போதாது என்பது அரசுத் தரப்பு. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

2018-இல் சட்டம் திருத்தப்பட்டு, சாலையல்லாத உட்கட்டமைப்புப் பணிகளும் நிதிக்குள் வந்தன. அப்போது லிட்டருக்கு 8 ரூபாயாக இருந்த செஸ், 2020 மே மாதம் 18 ரூபாயாகி, 2022 மே குறைப்புக்குப்பின் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 2 ரூபாய் என்று இறங்கியது. வசூலான செஸ் முழுவதும் உரிய நிதிகளுக்கு மாற்றப்படவில்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை குறை கூறியுள்ளது. அரசியல் சட்டப்படி செஸ் மாநிலங்களுடன் பகிரும் தொகுப்பில் சேராது. அந்தத் தொகுப்பில் சேரும் அடிப்படைக் கலால் தீர்வை 2022 குறைப்பின்போது பெட்ரோல் லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசாக இருந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் இதைத் தொடர்ந்து ஆட்சேபித்து வருகின்றன.