உரோமர் இல்லத்து வெண்கலக் கலங்கள்

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, இத்தாலியின் கம்பானியாப் பகுதியிலிருந்த பொம்பெயி, எர்க்குலேனியம் என்னும் நகரங்கள் சாம்பலின்கீழ் மறைந்தன. எர்க்குலேனியத்தில் 1738ஆம் ஆண்டிலும் பொம்பெயியில் 1748ஆம் ஆண்டிலும் தொடங்கிய அகழ்வுகள், அந்நகர மக்களின் அடுக்களைகளையும் உணவறைகளையும் மீண்டும் வெளிக்கொணர்ந்தன. அங்கே கிடைத்த வெண்கலக் கலங்கள் பல இன்று நேப்பிள்ஸ் நகரத்துத் தேசிய தொல்பொருட் காட்சிச்சாலையில் உள்ளன. பேரரசர்களின் போர்களை விரித்துரைக்கும் நூல்கள் சொல்லாது விடுவதொன்றை இக்கலங்கள் சொல்லுகின்றன. ஓர் உரோமர் இல்லத்தில் யார் சாய்ந்திருந்து உண்டார், யார் அருகே நின்று பணிசெய்தார் என்பதே அச்செய்தி.

வெண்கலமாவது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலப்பு உலோகம். வார்ப்பு இலகுவாக ஓடுதற்பொருட்டு உரோமக் கன்னார் அதிற் காரீயத்தையும் சேர்ப்பதுண்டு. அவ்வேலைக்குப் பெயர்பெற்ற நகரம் கம்பானியாவிலிருந்த கப்புவா. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் இயற்றிய கேட்டோ, வாளி, எண்ணெய்க் குடம், நீர்க் குடம் முதலியவற்றைக் கப்புவாவிலும் நோலாவிலும் வாங்குமாறு பண்ணையாருக்கு அறிவுரை கூறுகின்றார். செம்பு சேர்ந்த பாத்திரத்திற் களிம்பேறும் என்பதும், ஈயம் பூசினால் அது தடைப்படும் என்பதும் அக்காலத்தார் அறிந்தவையே. அவ்வாறு பூசிய கலத்தில் உணவின் சுவையும் மிகும் என்று பிளினி குறித்துள்ளார்.

அடுக்களைக் கலம் எளிமையாக இருந்தது. உணவறைக்கு வரும் கலமோ அணிசெய்யப்பட்டது. அந்த அணி பெரும்பாலும் கலத்தின் உடலில் அன்று, கைப்பிடியிலேயே அமைந்தது. உடலைத் தகடாக அடித்தோ, வார்த்துக் கடைசலிற் பிடித்தோ உருவாக்கினர். கைப்பிடியைத் தனியே மெழுகிற் செய்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை வார்த்தனர். பின்னர்ப் பற்றாசு வைத்து உடலோடு பொருத்தினர். கைப்பிடி உடலைத் தொடும் இடத்தில் மெதூசாவின் முகமோ, மதுத்தெய்வத்தின் தோழர் முகமோ அமையும். பெருவிரல் அழுந்தும் இடத்தில் ஓர் இலை சுருண்டு நிற்கும். தட்டத்தின் காம்பு ஆட்டுக்கடாவின் தலையாக முடியும். உருவங்களின் கண்களில் வெள்ளி பதிப்பதும் உண்டு.

இக்கைப்பிடிகளைப் பற்றிய கை யாருடையது? விருந்தினர் மஞ்சங்களிற் சாய்ந்திருக்க, அடிமை ஒருவன் குடுவையிலிருந்து அவர்தம் கைகளில் நீர் வார்ப்பான். வழியும் நீரைக் காம்புடைய தட்டத்தில் ஏந்துவான். ஆட்டுக்கடாத் தலையின் அழகு விருந்தினன் கண்ணுக்குரியது. அதன் பாரம் அடிமையின் கைக்குரியது.

அழகுக்குக் கொடுத்த விலை சில வேளைகளில் அறிவுக்கு எட்டாததாயிற்று. திராட்சை மதுவில் வெந்நீர் கலந்து பருகுதல் உரோமர் வழக்கம். அந்நீரைச் சுடவைக்க, உள்ளே கரித்தணல் இடும் வெண்கலக் கொதிகலங்கள் இருந்தன. கி.மு. 80ஆம் ஆண்டில் நீதிமன்றத்திற் பேசிய சிசெரோ, கிரைசொகோனஸ் என்பவன் வாங்கிய அத்தகைய கலமொன்றைக் குறிப்பிடுகின்றார். ஏலத்திற் கூறப்பட்ட விலையைக் கேட்ட வழிப்போக்கர், அங்கே விற்கப்படுவது ஒரு பண்ணைநிலம் என்றே எண்ணினராம்.

கொரிந்து வெண்கலம் எனப்பட்ட வகைக்கோ மதிப்பு இன்னும் மிகுதி. கி.மு. 146இல் கொரிந்து நகர் தீக்கிரையானபோது பொன்னும் வெள்ளியும் செம்பும் உருகிக் கலந்து அது பிறந்தது என்பது பழங்கதை. சிசிலித் தீவைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ், தன் கொரிந்துக் கலங்களை மார்க் அந்தோனிக்குக் கொடுக்க மறுத்தமையாலேயே கொலைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டான் என்று பிளினி எழுதுகின்றார். இவ்வுலோகத்தைத் தரம் பிரித்தறிவதாகப் பேசுவோர் பலர், உண்மையில் அறிந்தவரல்லர், பொதுமக்களினின்றும் தம்மை உயர்த்திக் காட்ட விரும்புவோரே என்பதும் அவர் கருத்து. வெசூவியஸ் வெடிப்பில் உயிர்துறந்தவர் இந்தப் பிளினியே.

பெத்ரோனியஸ் படைத்த திரிமால்க்கியோ என்னும் புதுப்பணக்காரன், உண்மையான கொரிந்துக் கலம் தன்னிடம் மட்டுமே உண்டு என்று விருந்திற் பெருமை பேசுகின்றான். காரணம் கேட்டால், அதைச் செய்த கன்னானின் பெயர் கொரிந்து என்பதே விடை!

நகைப்புக்குரிய அக்கதையில் ஒரு துயரமும் உண்டு. திரிமால்க்கியோ முன்னர் அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவன். கொதிகலத்துக்குப் பெரும்பொருள் கொடுத்த கிரைசொகோனசும், சர்வாதிகாரி சல்லாவிடம் அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவனே. முன்னொருநாள் பிறர் கைகழுவ நீர் வார்த்திருக்கக்கூடிய ஒருவனுக்கு, அணிசெய்த குடுவையொன்று தனக்கெனச் சொந்தமாவது வெறும் ஆடம்பரம் அன்று. தான் இனி நிற்பவன் அல்லன், சாய்ந்திருப்பவன் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அவன் இல்லத்திலும் அக்குடுவையை ஏந்தி நிற்க வேறோர் அடிமை வேண்டியிருந்தான். கலம் வாங்கியவன் நிலைமாறினான். கைப்பிடியைப் பற்றியவன் நிலையோ மாறவில்லை.