இதயமும் ஹார்மோன் சுரக்கும்!

என் தாத்தா போடியிலிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். போன வருடம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனையின் பெயர் பி.என்.பி. நான் பி.காம் மாணவன், ஒன்றும் புரியவில்லை. தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

இதயம் வெறும் பம்ப் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1981ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சிறுநீரில் உப்பும் நீரும் ஏராளமாக வெளியேறின, ரத்த அழுத்தம் இறங்கியது. ஆக, இதயமே ஒரு ஹார்மோன் சுரக்கிறது! 28 அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் பெப்டைடுதான் ஏ.என்.பி.

1988ல் ஜப்பானில் இரண்டு கண்டுபிடிப்புகள். ஒன்று பி.என்.பி. முதலில் பன்றி மூளையில் கிடைத்ததால் பெயரில் 'மூளை' ஒட்டிக்கொண்டது. ஆனால் அதிகம் சுரப்பது இதயம்தான். இன்னொன்று எண்டோதீலின், ரத்தக் குழாயின் உட்சுவரில் உருவாவது. இது ரத்தக் குழாயை இறுக்கும். இதயத் தசைச் செல்லில் கால்சியத்தின் வேலையைக் கூட்டி, அழுத்தமாகச் சுருங்க வைக்கும். முதல் இரண்டும் இதயத்தின் சுமையை இறக்கும். எங்கள் பாஷையில் பற்று, வரவு மாதிரி.

சுமை கூடி இதயச் சுவர் இழுபட்டால் ரத்தத்தில் பி.என்.பி. ஏறும். தாத்தாவுக்கு ஏறியிருந்தது. மூட்டை சுமந்த காலத்திலும் அவர் "முடியலை" என்று சொன்னதில்லை. அவருக்காக இதயம் சொல்லிவிட்டது.