கறுப்பினத் திருச்சபையும் குடிசார் உரிமைகள் இயக்கமும்: மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் குடிசார் உரிமைகள் இயக்கத்தைக் கறுப்பினத் திருச்சபையே வழிநடத்தியது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. 1955–56இல் நிகழ்ந்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை மீளாய்வு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். திருச்சபையின் தற்சார்பு இயக்கத்திற்கு அடித்தளமாக அமைந்தது என்பதும், அத்தற்சார்பைப் போராட்ட வலிமையாக மாற்றியதில் பெண்களின் பங்கு முதன்மையானது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கறுப்பினத் திருச்சபை, குடிசார் உரிமைகள், மாண்ட்கோமரி, பெண்கள், தற்சார்பு

முன்னுரை

கறுப்பினத் திருச்சபை என்பது ஒரே தலைமையின்கீழ் இயங்கிய அமைப்பு அன்று. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் முதலிய பல பிரிவுகளைச் சார்ந்த கறுப்பின மக்களின் சபைகளை ஒருசேரக் குறிக்கும் பொதுப்பெயரே அது. ஆகவே, ‘திருச்சபை போராடியது’ என்று கூறும்போது எந்தச் சபை, அச்சபையில் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றிற்கு விடை காணாமல் இயக்கத்தின் மரபை மதிப்பிட இயலாது.

தற்சார்பின் தோற்றம்

பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் இனப்பாகுபாட்டுக்கு உள்ளான ரிச்சர்ட் ஆலனும் அவருடைய தோழர்களும் அங்கிருந்து வெளியேறினர். அதன் விளைவாக 1794இல் பெத்தேல் ஆலயமும், 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையும் உருவாயின. இருபதாம் நூற்றாண்டில் தென் மாநிலங்களில் கறுப்பின ஆசிரியரின் ஊதியம் வெள்ளையர் நிர்வாகத்தின் கையில் இருந்தது. குத்தகை விவசாயியின் நிலமும் கடனும் வெள்ளை நிலவுடைமையாளரின் பிடியில் இருந்தன. சபைப் போதகரின் ஊதியமோ கறுப்பின மக்களின் காணிக்கையிலிருந்து வந்தது. கூடுவதற்கான கட்டடமும், நிதி திரட்டும் பழக்கமும், வாரந்தோறும் ஒன்றுகூடும் மக்களும் அங்கு ஏற்கெனவே இருந்தன. ஆல்டன் மோரிஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்நிறுவன வலிமையையே இயக்கத்தின் மையமாகக் காண்கிறது.

மாண்ட்கோமரியில் நிகழ்ந்தது

1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அன்றிரவே புறக்கணிப்பு அழைப்பைத் துண்டறிக்கையாக அச்சிடத் தொடங்கியவர் கல்லூரி ஆசிரியரும் பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவருமான ஜோ ஆன் ராபின்சன் ஆவார். பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகள் நகரெங்கும் பரவின. டிசம்பர் 5ஆம் நாள் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் பெருங்கூட்டம் நடைபெற்றது. அன்றுதான் இருபத்தாறு வயதான மார்ட்டின் லூதர் கிங், மாண்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்நிகழ்வு வரிசை கருதத்தக்கது. புறக்கணிப்பைத் தொடங்கிவைத்த அழைப்பு பிரசங்க மேடைக்கு வெளியிலிருந்து எழுந்தது. அதனை நிலைநிறுத்தும் களத்தைத் திருச்சபை வழங்கியது.

பேருந்தைத் துறந்த மக்களுக்காகச் சபைகளின் பெயரில் ஸ்டேஷன் வேகன் கார்கள் வாங்கப்பட்டன. சமையல் தொழிலாளரான ஜார்ஜியா கில்மோர் பிற பெண்களுடன் இணைந்து உணவும் இனிப்பும் விற்று, அத்தொகையைப் பொதுக்கூட்டங்களில் காணிக்கையாக அளித்தார். அக்குழு தன்னை ‘எங்குமில்லாச் சங்கம்’ என அழைத்துக்கொண்டது. வெள்ளையர் வீடுகளில் பணிபுரிந்த உறுப்பினர்கள் வேலையிழக்காதவாறு அப்பெயர் அவர்களை மறைத்தது. புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. பேருந்துகளில் இனப்பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்த பிரௌடர் வழக்கில் இறுதிவரை நின்ற நால்வரும் பெண்களே.

உடன்படாத குரல்கள்

தற்சார்பு போராடும் வாய்ப்பை அளித்ததேயன்றிப் போராட்ட விருப்பத்தைத் தானாக உருவாக்கவில்லை. தேசிய பாப்டிஸ்ட் பேரவையின் தலைவர் ஜோசப் ஜாக்சன் நேரடிப் போராட்ட முறையை ஏற்கவில்லை. இக்கருத்து வேறுபாடும் தலைவரின் பதவிக்காலம் பற்றிய பூசலும் சேர்ந்து, 1961இல் முற்போக்கு தேசிய பாப்டிஸ்ட் பேரவை தனியே பிரியக் காரணமாயின. மிசிசிப்பி மாநிலத்தை ஆராய்ந்த சார்லஸ் பெய்ன், போதகர்கள் பலர் தயங்கிய இடங்களில் எளிய மக்கள், குறிப்பாகப் பெண்கள், முன்வந்ததை 1995இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். 1957இல் தோன்றிய தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் அன்றாடப் பணிகளைச் சுமந்த எல்லா பேக்கர், போதகர்களை மையப்படுத்திய அதன் தலைமைமுறையை விமர்சித்தார். 1960இல் மாணவர் ஒருங்கிணைப்புக் குழு உருவாகத் துணைநின்றவரும் அவரே.

மரபின் தொடர்ச்சி

திருச்சபை களமாக அமைந்ததாலேயே தாக்குதலுக்கும் இலக்காயிற்று. 1963 செப்டம்பரில் பர்மிங்காமின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. 1965இல் செல்மாவின் பிரௌன் ஆலயத்திலிருந்து புறப்பட்ட பேரணி, அவ்வாண்டின் வாக்குரிமைச் சட்டத்திற்கு வழிகோலியது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவொன்றை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. கிங் பணியாற்றிய எபனேசர் ஆலயத்தின் போதகர் ரஃபேல் வார்னாக் 2021இல் செனட் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஆலயத்திற்கும் வாக்குரிமைக்கும் உள்ள உறவு அறுபடவில்லை என்பதைக் காட்டுகிறது. எனினும், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை தன் முதல் பெண் பேராயரைத் தேர்ந்தெடுத்தது 2000ஆம் ஆண்டில்தான்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், கறுப்பினத் திருச்சபை இயக்கத்தின் ஒருமித்த தலைவராக இருக்கவில்லை என்பதும், கறுப்பின மக்கள் தமக்கென உடைமையாகக் கொண்டிருந்த வலிமைமிக்க நிறுவனமாக இருந்தது என்பதும் பெறப்படுகின்றன. அந்நிறுவனத்தைப் போராட்டக் களமாக்கியவர்களுள் பலர் மேடையில் இடம்பெறாத பெண்கள். போதகர்களின் உரைகளை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாற்றில் துண்டறிக்கை அச்சிட்டவரும் உணவு விற்று நிதி திரட்டியவரும் இடம்பெறுவதில்லை. காணிக்கைக் கணக்குகள், பெண்கள் சங்கக் குறிப்புகள், வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றை முதன்மைத் தரவுகளாகக் கொள்ளும்போதே இம்மரபின் முழுமை புலப்படும்.