திருவிதாங்கூர்ச் சித்திரசாலையும் பத்மநாபபுரத்துச் சுவர்களும்

ஒருவருடைய ரசனையால் திரண்ட கலைச் செல்வம் ஊரார் காணும் சாலையாக மலர்ந்த வரலாறு, ஜப்பானில் பெரும்பாலும் வணிகரோடும் ஆலை அதிபரோடும் பிணைந்து கிடக்கிறது. 1917-இல் ஓகுரா கிஹாசிரோ டோக்கியோவில் திறந்த கூடம் 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பெருஞ்சேதமுற்றும் 1928-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. பஞ்சாலை அதிபர் ஓஹாரா மாகோசபுரோவோ, ஓவியர் கோஜிமா தோராஜிரோவை ஐரோப்பாவுக்கு அனுப்பி வாங்குவித்த சித்திரங்களைக் கொண்டு, அந்நண்பர் மறைந்த மறு வருஷமாகிய 1930-இல் குராஷிக்கியில் ஒரு கலைக்கூடம் நிறுவினார். நாஞ்சில் நாட்டைத் தன்னுள் அடக்கியிருந்த திருவிதாங்கூரிலோ, சேகரித்தவரும் அரசர், கதவைத் திறந்துவிட்டவரும் அரசரே.

அச்சமஸ்தானத்தில் பொருட்காட்சிச் சாலை 1857-லேயே தோன்றி, 1880-இல் கட்டடக் கலைஞர் சிஷோம் வகுத்த அழகிய கட்டடத்தில் குடியேறிவிட்டது. ஆயினும் சித்திரங்களுக்கெனத் தனி இல்லம் அமைய அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஓவியர் ரவிவர்மாவின் மூலப் படங்கள் அரண்மனைச் சுவர்களில் தொங்க, சாமானிய ஜனங்கள் அவற்றின் அச்சுப் பிரதிகளைத் தம் பூஜையறைகளில் மாட்டி மகிழ்ந்திருந்தனர். 1935 செப்டம்பர் 25-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயம் என்ற சித்திரசாலையைத் திறந்துவைத்தபோதுதான் இந்நிலை மாறத் தொடங்கிற்று. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில் என்பதை இங்கு நினைத்துக்கொள்வது தகும். யார் எங்கே நுழையலாம் என்ற கேள்வி அந்நாட்களில் காற்றிலேயே கலந்திருந்தது.

இம்முயற்சிக்கு மதிமந்திரியாக நின்றவர் ஜேம்ஸ் கஸின்ஸ். பெல்பாஸ்டிற் பிறந்து, அன்னி பெஸன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று 1915-இல் இந்தியா வந்த இக்கவிஞர், 1919-20-இல் டோக்கியோ கெய்யோ சர்வகலாசாலையில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். 1924-இல் மைசூர் ஜகன்மோகன அரண்மனையிற் சித்திரசாலை அமையத் துணைபுரிந்தவர். ஆகவே ரவிவர்மாவுக்கும் தஞ்சாவூர்ப் படங்களுக்கும் ருஷ்ய ஓவியர் ரோரிக்கின் இமயமலைகளுக்கும் இடையே ஜப்பானிய, சீன, பாலித்தீவுச் சித்திரங்களும் சித்ராலயத்தில் இடம்பெற்றதில் வியப்பொன்றும் இல்லை. ஆசியக் கலை ஒரே குலத்தது என்ற அவரது நம்பிக்கை சற்று மிகையானதே. எனினும் அம்மிகை இல்லையேல் அச்சாலை ஒரு குடும்பத்துப் படக்கூடமாகவே சுருங்கியிருக்கும்.

இனி நம்மூர்ப் பக்கம் திரும்புவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தபின், முன்னைத் தலைநகராகிய பத்மநாபபுரத்தின் கொட்டாரத்திலிருந்து (அரண்மனையிலிருந்து) எடுத்துச் செல்லக்கூடியன யாவும் அதிகாரத்தைப் பின்தொடர்ந்திருத்தல் இயல்பே. உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் தீட்டிய அனந்தசயனத்தை மட்டும் எவராலும் பெயர்க்க இயலாது. ஆகவே, பிறவிடங்களில் மாளிகை சேகரத்துக்கு உறைவிடமாயிருக்க, இங்கோ மாளிகையே சேகரமாயிற்று: தாய்க்கொட்டாரத்து மரவேலை, நவராத்திரி மண்டபத்தின் கண்ணாடி போன்ற கருந்தரை, ஊறுகாய் நிறைத்த சீனப் பரணிகள் ஆகிய அனைத்தும் இருந்த இடத்திலேயே காட்சிப் பொருள்களாயின. சித்ராலயத்திலுள்ள சேரநாட்டுச் சுவர்ச் சித்திரங்கள் பிரதிகளே. மூலத்தைக் காண விரும்புவோர் கல்குளத்துப் பத்மநாபபுரத்துக்குத்தான் வரவேண்டும்.

1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. எனினும் கொட்டாரத்தின் நிர்வாகம் கேரள அரசிடமே நிலைத்து, அதன் தொல்பொருள் இலாகாவே இன்றும் அதனைப் பேணிவருகிறது.