லெவின் ஊர் நூலகத்தார் கொடுத்த கொடை



சென்ற வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். "எங்க லைப்ரரியில எல்லாமே கோஹாவுலதான் ஓடுது டீச்சர்" என்றாள். கோஹா என்றால் என்ன அர்த்தம், எந்த மொழிச் சொல் என்று கேட்டேன். விழித்தாள். ஆறு வருடமாக அதில்தான் வேலை செய்கிறாளாம்! அவள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கோஹா, நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய சொல். விருந்தினர் ஒரு கூடத்துக்குப் போகும்போது கொண்டு போகும் அன்பளிப்புக்கு அந்தப் பெயர். ஏறக்குறைய நம் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு.

வெலிங்டனுக்கு வடக்கே ஹோரோஃபெனுவா என்ற வட்டாரம் இருக்கிறது. லெவின், ஃபாக்ஸ்டன், ஷானன் என்று சின்னச் சின்ன ஊர்கள். அந்த ஊர்களின் நூலகங்களை ஓர் அறக்கட்டளை நடத்தி வந்தது. 1999-ல் அவர்களுக்கு ஒரு சிக்கல். பழைய கணினி முறையில் ஆண்டை இரண்டு இலக்கத்தில்தான் குறித்து வைத்திருந்தார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். நூலகத்தில் எல்லாமே தேதிக் கணக்குத்தானே? புத்தகம் எடுத்த நாள், திருப்ப வேண்டிய நாள், தாமதமானால் அபராதம். எல்லாம் குழம்பிவிடும். புதிய மென்பொருள் வாங்கலாம் என்றால், சந்தையில் இருந்தவை பெரிய நூலகங்களுக்கானவை. விலையும் அப்படி. கிளைகளை இணைக்கத் தனித் தொலைபேசி இணைப்புக்கு வேறு அழ வேண்டும்.

காட்டிப்போ என்ற உள்ளூர் நிறுவனம், சாதாரணத் தொலைபேசி வழியாகவே இணைய உலாவியில் ஓடும்படி நாங்கள் எழுதித் தருகிறோம் என்றது. கிறிஸ் கார்மாக் என்ற இளைஞர் முன்னின்று எழுதினார். சில மாத வேலைதான். 2000 ஜனவரி 3-ஆம் தேதி நூலகம் கோஹாவில் இயங்கத் தொடங்கியது.

நான் அதிகம் வியந்தது அடுத்து அவர்கள் செய்ததைத்தான். காசு கொடுத்து எழுதி வாங்கிய மென்பொருளை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். தாராள மனசு மட்டும் காரணமில்லை, கணக்கும் உண்டு. ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் அது மூடிய அன்று நூலகமும் நின்றுவிடும். பலர் கையில் இருந்தால் பலர் பார்த்துக்கொள்வார்கள். என் மாணவி இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாள். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் மென்பொருள் விற்றவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பல ஆயிரம் புத்தகங்களின் விவரத்தை உட்கார்ந்து மறுபடியும் தட்டச்சு செய்தார்களாம்.

கணக்கு தப்பவில்லை. நூலகங்கள் ஒன்றுக்கொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள மார்க் என்றொரு பொது வடிவம் உண்டு. முதல் கோஹாவில் அது இல்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் நெல்சன்வில் என்ற ஊரின் பொது நூலகம் அதற்குப் பணம் கொடுத்தது, பிரான்சிலிருந்து பால் புலேன் எழுதினார். இதற்குப் பிறகுதான் பெரிய நூலகங்களும் கல்லூரிகளும் இதைத் தைரியமாக எடுத்துக்கொண்டன. யூனிகோடும் வந்ததால் நம் தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழிலேயே பதிந்து தமிழிலேயே தேட முடிகிறது.

ஆனால் கொடையாகக் கொடுத்த பொருளின் பெயருக்கே ஒரு நாள் வழக்கு வந்தது. கோஹாவுக்குச் சேவை செய்ய அமெரிக்காவில் லிப்லைம் என்ற நிறுவனம் 2005-ல் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் நல்ல பங்களிப்பும் செய்தது. 2010-ல் அதை பிடிஎஃப்எஸ் என்ற நிறுவனம் வாங்கியது. மென்பொருளின் இணையதளம் அவர்கள் கையில் இருந்ததால், உலகெங்கும் இருந்த பயனர்கள் வேறு முகவரிக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. 2011-ல் நியூசிலாந்திலேயே "கோஹா" என்ற சொல்லை வணிகக் குறியாகப் பதிவு செய்ய அவர்கள் கொடுத்த விண்ணப்பம் முதற்கட்டமாக ஏற்கப்பட்டது. பெயரைச் சமூகத்திடம் ஒப்படைக்கத் தயார் என்று நிறுவனம் சொன்னது. லெவின்காரர்கள் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு சிறு வட்டார நூலகம் வழக்கு நடத்தப் பணத்துக்கு எங்கே போகும்? உதவி கேட்டு எழுதினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து பணம் வந்தது. மொய் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்! 2013-ல் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சர்வர் வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், விவரம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். எங்கள் கல்லூரியில் அந்த ஆள் நான்தான் டீச்சர், சம்பளத்தில் மட்டும் அது தெரியாது என்று சிரித்தாள் என் மாணவி.

நேற்றிரவு அவளுக்கு போன் செய்து கோஹாவின் அர்த்தத்தைச் சொன்னேன். கல்லூரி நூலக வாசலில் எழுதி ஒட்டப் போகிறாளாம். உங்களில் வேறு யாராவது நூலகத்தில் இருந்தால், அங்கே என்ன மென்பொருள் ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள். ஒற்றுப்பிழை இல்லாமல்.